வன்னி மண்ணும் கியர்ப் பெட்டியும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருவீதியில், விசுவமடுவைக் கடந்து அப்பாற் செல்வோர் உடையார்கட்டை அடைவர். குளமும் வயலும் காடும் சூழ்ந்த கிராமம் அது. வடகீழ்ப் பருவ மழை பொழியும் மாதங்களில், பெருவீதியை விட்டு விலகிய பாதைகள் சேறாகிவிடும். அங்கே நெல்மூட்டைகளை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு வேகம் ஒரு பொருட்டன்று. மெல்ல நகர்ந்தாலும் நில்லாது நகரும் வலிமையே வேண்டும். அவ்வலிமை என்ஜினால் மட்டும் அமைவதன்று. என்ஜினுக்கும் சில்லுகளுக்கும் இடையே, எவர் கண்ணுக்கும் படாமல் அமர்ந்திருக்கும் கியர்ப் பெட்டிக்கும் அதிற் பெரும்பங்கு உண்டு. வன்னி மக்களின் அண்மைக்கால வாழ்வில் ஒரு பகுதி அப்பெட்டியோடு பிணைந்து கிடக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941 முதல் 1945 வரை, அமெரிக்காவின் வில்லிஸ், ஃபோர்ட் ஆகிய இரு நிறுவனங்களும் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப் வண்டிகளைச் செய்தளித்தன. அவ்வண்டியின் கியர்ப் பெட்டியில் முன்னோக்கிச் செல்வதற்கு மூன்று கியர்களே இருந்தன. முதலாவது கியரோடு நான்கு சில்லுகளுக்கும் விசையைப் பகிரும் பெட்டியின் தாழ்ந்த கியரையும் சேர்த்துக் கணக்கிட்டால், என்ஜின் ஏறத்தாழ 26 முறை சுழலும்போது சில்லு ஒரு முறை சுழலும். படைவீரர் சிலரை ஏற்றி ஓடுவதற்கு அது போதும். போர் முடிந்தபின் அவ்வண்டிகள் பல நாடுகளிலே பொதுமக்களின் கைக்கு வந்தபோதோ, அவற்றின் வேலை மாறிவிட்டது. சுமை இழுக்கவும் சேற்றைக் கடக்கவும் அந்த மூன்று கியர்கள் போதவில்லை.

விடை லொறியில் இருந்தது. பாரம் ஏற்றும் லொறிகளுக்கென அமைந்த நான்கு கியர்ப் பெட்டிகளில் முதலாவது கியர் மிகத் தாழ்ந்தது. போர்க் வார்னர் நிறுவனத்தின் 'டீ-98' என்னும் பெட்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் முதற் கியர் விகிதம் 6.4 ஆகும், போர்க்கால ஜீப்பின் விகிதமோ 2.67. அத்தகைய பெட்டியை ஜீப்பிற் பொருத்தினால், முன்பு 26 ஆக இருந்த கணக்கு 60ஐயும் தாண்டிவிடும். என்ஜின் அதுவே, எரிபொருளும் அதுவே, இழுக்கும் வலிமையோ இரு மடங்குக்கு மேல். பழைய லொறியொன்றின் பெட்டியைக் கழற்றி ஜீப்பில் ஏற்றும் வழக்கம் பல நாடுகளிற் பரவியமைக்கு இதுவே காரணம்.

உறுப்பு மாற்றுவதை வறியோரின் குறுக்குவழி என்று இகழ்வோரும் உளர். அவர்கள் லாண்ட் ரோவரின் பிறப்பை அறிதல் நன்று. 1947இல் இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தார் தம் முதல் மாதிரி வண்டியை அமைத்தபோது, அமெரிக்க ஜீப்பின் அடிச்சட்டத்தின்மேல் தம்முடைய காரின் என்ஜினையும் கியர்ப் பெட்டியையும் பொருத்தினர். 1948 ஏப்ரலில் அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் உலகின் முன் வைக்கப்பட்ட வண்டி, அம்முயற்சியின் வழி வந்ததேயாகும்.

எனினும், இவ்வேலை எளிதன்று. முதலில் பழைய பெட்டியின் எண்ணெயை வடித்துப் பார்த்தல் வேண்டும். அதில் உலோகத் துகள் மின்னினால், உள்ளே பற்சில்லோ பெயரிங்கோ தேய்ந்துவிட்டது என்பது பொருள். அடுத்து, லொறிப் பெட்டியின் ஆணித் துளைகள் ஜீப் என்ஜினின் துளைகளோடு பொருந்தா. ஆகவே, இடையே தடித்த உருக்குத் தகடொன்றைக் கடைந்து வைத்தல் வேண்டும். அத்தகடு மயிரிழை விலகினாலும், என்ஜினின் நடுவச்சும் பெட்டியின் நடுவச்சும் நேர்கோட்டில் நில்லாமற் போகும். சில நாளில் பெயரிங் உடையும். கிளச் தட்டின் உட்பற்கள் புதிய பெட்டியின் தண்டுக்கு இசைதல் வேண்டும். லொறிப் பெட்டி நீளமானதாகையால், பின்தண்டைக் குறுக்கவும் முன்தண்டை நீட்டவும் நேரிடும். இத்தனையும் முடிந்தபின் மற்றோர் எச்சரிக்கை உண்டு. கியர்ப் பெட்டி வலிமை பெற்றதும், பழைய அச்சுத் தண்டே வண்டியின் நலிந்த உறுப்பாகிவிடும். இதை மறந்து காலை அழுத்தும் சாரதி, நடுக்காட்டில் முறிந்த தண்டோடு நிற்பான்.

இத்தகைய நுட்பத்தை வன்னி மண் எவ்வாறு வளர்த்தது? 1970 தொடக்கம் 1977 வரை இலங்கையில் இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டன. மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வாராமையால், விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களின் இளைஞர் குடியேற்றங்கள் செழித்தன. அதே கட்டுப்பாட்டினால் புதிய வாகனங்களும் அரிதாயின. இருந்த வாகனங்களைப் பேணுதலே வழியாயிற்று. 1977க்குப் பின் சந்தை திறக்கப்பட்டது. பாவித்த ஜப்பானிய வாகனங்கள் வந்திறங்கின. அவற்றின் டீசல் என்ஜினையும் கியர்ப் பெட்டியையும் ஒருசேரக் கழற்றிப் பழைய ஜீப்பிலும் லாண்ட் ரோவரிலும் பொருத்துவது நாடெங்கும் வழக்கமாயிற்று. இரண்டும் ஒன்றுக்கொன்று முன்னரே இசைந்தவையாதலால், இடைத்தகடு கடையும் தொல்லையும் குறைந்தது.

1990இல் போர் மீண்டும் மூண்டதும் வடபகுதிமீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல், டீசல், மின்கலம், உதிரிப்பாகம் யாவும் கிடைத்தற்கரியவையாயின. சில துளி பெற்றோலால் என்ஜினைத் தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களை அக்காலத்து மக்கள் மறவார். ஓடாத ஒரு வண்டி ஓடும் மூன்று வண்டிகளுக்கு உறுப்பு வழங்கியது. கழித்துப்போட்ட இரும்பு என்று எதனையும் எவரும் எறிந்திலர். நோயாளியை வைத்தியசாலைக்கும் நெல்லைச் சந்தைக்கும் கொண்டு சேர்த்தது அந்தக் கைத்திறனே. 2002இல் யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதி திறக்கப்படும்வரை இந்நிலை நீடித்தது.

2009 ஜனவரியில் உடையார்கட்டு, சுதந்திரபுரம், வள்ளிபுனம் ஆகிய பகுதிகள் பாதுகாப்பு வலயமென அறிவிக்கப்பட்டன. ஆயினும் அங்கேயும் எறிகணைகள் வீழ்ந்தன. உழவு இயந்திரங்களிலும் சைக்கிள்களிலும் உடைமைகளை ஏற்றிக்கொண்டு மக்கள் கடற்கரையை நோக்கி நகர்ந்தனர். அவ்வாண்டு மே மாதத்தில் போர் முடிந்தபோது, ஆயிரக்கணக்கான வாகனங்கள் முல்லைத்தீவுக் கரையோரத்திலே கைவிடப்பட்டுக் கிடந்தன. பல்லாண்டு உழைப்பினாற் பூட்டிய உறுப்புகள் அங்கே துருவேறின. மீளக் குடியேறியோர் கராஜுகளையும் கருவிகளையும் மீண்டும் முதலிலிருந்தே தேடவேண்டியிருந்தது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டது; தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிற் பழைய வண்டியின் அருமையை நாடு முழுவதும் உணர்ந்தது. வன்னி அதனை முன்னரே கற்றிருந்தது. ஆனால், அக்கல்வி ஏட்டில் இல்லை. எந்தப் பெட்டி எந்த என்ஜினுக்கு இசையும், எந்தத் தண்டை எத்தனை அங்குலம் குறுக்கவேண்டும் என்பன முதிய மெக்கானிக்குகளின் நினைவிலும் விரல் நுனியிலும் மட்டுமே உள்ளன. போர்களின் தேதிகளை எழுதிவைப்போர் பலர். அப்போர்களுக்கிடையே ஊரை ஓட வைத்த கைகள் அறிந்தவற்றையும் கேட்டு எழுதிவைத்தல், உடையார்கட்டுப் போன்ற ஊர்களின் இளைஞருக்கு உரிய கடமையாகும். அக்கைகள் ஓயுமுன் அது நிறைவேறல் வேண்டும்.