அந்த உடுப்பு யார் சாய்ஸ்?

வி.சி.கணேசன் பேர்ல இருக்கிற 'வி' நம்ம விழுப்புரம். 1940-களில் அண்ணா எழுதின சத்ரபதி சிவாஜி நாடகத்துல எம்.ஜி.ஆர் நடிக்கறதா இருந்து, கடைசியில வேஷம் கணேசனுக்கு வந்துச்சு. நாடகம் பார்த்த பெரியார் 'சிவாஜி'ன்னார். அடுத்தவருக்கு வெச்சிருந்த வேஷம் ஆயுசுக்கும் பேரா ஒட்டிக்கிச்சு!

ஆஸ்கர் சிவப்புக் கம்பளத்துக்கு வருவோம். 1989-ல ஜோடி ஃபாஸ்டர், தானே கடையில வாங்கின நீல கவுன்ல வந்து சிறந்த நடிகை விருது வாங்கினார். பத்திரிகைகள் விருதை விட்டுட்டு கவுனைக் கிழிச்சாங்க. ஜார்ஜியோ அர்மானி நட்சத்திரங்களுக்கு உடுத்திவிடறதுக்குன்னே ஹாலிவுட்ல ஆள் போட்டிருந்தார். 1990 விழாவுல மிஷெல் ஃபைஃபர் உட்பட பலர் மேல அவர் உடைதான். ஃபாஸ்டரும் பிறகு அர்மானி பக்கம். அப்புறம் ஸ்டைலிஸ்ட், இரவல் நகை, கம்பெனி ஒப்பந்தம்னு அது தனித் தொழிலாவே ஆயிடுச்சு.

அப்போ அவங்களே தேர்ந்தெடுக்கறதே இல்லையா? தேர்ந்தெடுக்கறாங்க, திண்டிவனம் ஜவுளிக்கடையில புது மாப்பிள்ளை மாதிரி. நாலு சட்டையை விரிச்சு "உங்களுக்குப் புடிச்சதை எடுங்க மாப்ளே"ம்பாங்க. அந்த நாலும் அத்தை எடுத்தது :-)

விதிவிலக்கும் உண்டு. 1996-ல ஷரன் ஸ்டோன் சொந்த அலமாரியில இருந்த சாதா கேப் டர்டில்நெக்கைப் போட்டுட்டு ஆஸ்கருக்கே போனார். 2022-ல 'தி கிரே மேன்' மும்பைக் காட்சிக்கு தனுஷ் வேட்டி சட்டையில வந்தார். "அதுவும் ஸ்டைலிஸ்ட் ஐடியாவா இருக்கும்டா"ங்கிறான் நண்பன். இருக்கட்டுமே, கட்டத் தெரியணும் இல்ல?