வெம்மை மருத்துவமும் ஈரலும்

மாத்தளையின் வடபால், தம்புள்ளைப் பகுதி மக்கள் முன்னாளில் மலேரியாக் காய்ச்சலைக் கூற்றுவனின் தூதாகவே அறிந்திருந்தனர். காய்ச்சலும் மருந்தாகும் என்றால் அவர்கள் நம்பியிரார். ஆயினும் 1866 இல் ஜேர்மனியின் பொன் நகரத்து அறுவை மருத்துவர் புஷ், எரிசிப்பெலசு என்னும் தோல்நோயாற் கடுங்காய்ச்சலுற்ற ஒருத்தியின் முகத்துப் புற்றுக்கட்டி மறைந்ததைக் குறித்து எழுதினார். 1891 இல் நியூயோர்க்கில் கோலி கிருமிகளைப் புகுத்தி, வேண்டுமென்றே காய்ச்சலை உண்டாக்கினார்.

1974 இல் எடின்பரோவிற் பெற்றிகுறூ முதலியோர் கிருமியை விடுத்து உருகிய மெழுகை நாடினர். நோயாளியின் உடல் 41.8 பாகை சதமவளவைக்குச் சூடேற்றப்பட்டது. அதற்குமேற் செல்லவொட்டாது தடுப்பவை மூளையும் ஈரலுமே. வெம்மையிற் குருதி தோலை நோக்கி ஓடுவதால் ஈரலுக்குச் செல்வது குறைகிறது. இயல்பிலேயே சூடு மிக்க அவ்வுறுப்பின் கலங்கள் நலிந்து, நொதியங்கள் குருதியிற் கசிகின்றன. பெரும்பாலும் சில நாளில் இது தணியும். முன்னரே புற்றுப் பரவிய ஈரலாயின் உயிருக்கே கேடு.

1990 களில் வழி மாறிற்று. உடல் முழுவதையும் வாட்டாது, ஈரலிலுள்ள சிறு கட்டியில் ஊசியைச் செலுத்தி, மின்னோட்டத்தால் அதனை மட்டும் 60 பாகைக்கு மேற் சுடலாயினர். எஞ்சிய ஈரல் நலமாயின் தாங்கும். ஈரலரிப்புற்றோர்க்கோ, ஊசி எடுக்குமுன் குருதிச் சோதனையின் முடிவே இன்றும் முதலிற் கேட்கப்படுகிறது.