டப்ளினுக்குத் திரும்பியவர்கள்

அமெரிக்காவில் புட்பால் என்று வழங்கும் ஆட்டம் நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று; இரு முனையும் கூர்ந்த பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், தோழனுக்கு வீசியும், கவசமணிந்த எதிரிகளின் வரிசையைப் பிளந்துகொண்டு முன்னேறும் ஆட்டம் அது. அந்நாட்டு ஜனங்கள் இதில் தங்கள் கலாசாலைக் கட்சிகளின்மீது வைத்திருக்கும் அபிமானம், சம்பளத்துக்கு ஆடும் கட்சிகளின்மீது வைத்திருக்கும் அபிமானத்துக்குச் சற்றும் குறைந்ததன்று. தம் கட்சி எந்த ஊரில் ஆடினாலும் குடும்பத்தோடு புறப்பட்டுவிடுவது அவர்களிடையே நெடுநாளைய வழக்கம். அந்த வழக்கம் கடல் கடந்த சரித்திரத்தில் என் மனத்தை மிகவும் கவர்ந்த பகுதி, இண்டியானா மாகாணத்து நோட்டர் டேம் சர்வகலாசாலையின் அபிமானிகள் அயர்லாந்துக்குச் செய்யும் பிரயாணம்.

கலாசாலைக் கட்சிகள் கடல் கடந்து ஆடியது அதற்கு வெகுகாலம் முன்பே உண்டு. 1907ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று லூயிசியானா மாகாணச் சர்வகலாசாலையார் கியூபாவிலுள்ள ஹவானாவுக்குச் சென்று, அந்நகரத்துச் சர்வகலாசாலையை ஒரு புள்ளியும் எடுக்கவிடாமல் 56 புள்ளிகளால் வென்றார்கள். 1937ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி ஆபர்ன், வில்லனோவா என்னும் கலாசாலைகள் அதே ஹவானாவில் மோதி, ஆளுக்கு 7 புள்ளியுடன் சமமாக நின்றன. பிற்காலத்தில் டோக்கியோ நகரமும் இவர்களை வரவேற்றது. நோட்டர் டேம் கட்சியே 1979இல் அங்கு சென்று மயாமிக் கட்சியை வென்று வந்தது. இவை விருந்தாளிகளாகச் சென்ற பிரயாணங்கள் என்பதற்கு மேல் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை.

அயர்லாந்துப் பிரயாணத்தின் தன்மை வேறு. அதை உணர 1840களுக்குச் செல்ல வேண்டும். 1842இல் எட்வர்ட் சோரின் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இண்டியானாவின் காட்டுப்புறத்தில் நோட்டர் டேம் கலாசாலையை ஸ்தாபித்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1845இல், அன்னாபொலிஸ் நகரில் அமெரிக்கக் கடற்படைக் கலாசாலை தோன்றியது. அதே 1845இல்தான் அயர்லாந்தில் ஏழைகளின் ஒரே ஆகாரமாயிருந்த உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் பற்றியது. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டார்கள், அதைவிட மிகுதியானோர் கப்பலேறினார்கள். அமெரிக்கா செல்லும் மகனுக்கோ மகளுக்கோ புறப்படுவதற்கு முந்தைய இரவு வீட்டில் உற்றாரும் அயலாரும் கூடி விடியுமளவும் விழித்திருக்கும் ஒரு வழக்கம் அந்நாட்டில் இருந்தது; அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'அமெரிக்க இழவு' என்பது. போகிறவர் திரும்பார் என்று அறிந்தே, உயிரோடிருக்கும் பிள்ளைக்குப் பெற்றோர் அந்தச் சடங்கை நடத்தினார்கள். இதை எழுதும்போது என் நெஞ்சு கனக்கிறது.

அப்படிச் சென்றவர்களை அமெரிக்கா இன்முகத்தோடு வரவேற்கவில்லை. ஏழைகள், கத்தோலிக்கர், அந்நியர் என்ற மூன்று காரணங்களாலும் அவர்கள் இகழப்பட்டார்கள். 'ஐரிஷ்காரர்' என்ற சொல்லே வசையாயிற்று. நோட்டர் டேம் கத்தோலிக்கக் கலாசாலையாதலால், பந்தாட்டத்தில் எதிர்க்கட்சியினர் அதன் பிள்ளைகளை அச்சொல்லால் பரிகசித்தார்கள். 1924ஆம் ஆண்டு மே மாதத்தில் கத்தோலிக்கரையும் கறுப்பரையும் யூதரையும் துவேஷிக்கும் கூ க்ளக்ஸ் கிளான் கூட்டத்தார் கலாசாலையை அடுத்த சவுத் பெண்ட் நகரில் திரண்டபோது, மாணவர்கள் தெருவில் இறங்கி அவர்களை எதிர்த்தார்கள். கலாசாலைத் தலைவர் மாத்யூ வால்ஷ் பாதிரியார் நேரில் போய் அவர்களைச் சாந்தப்படுத்தி அழைத்துவர வேண்டியதாயிற்று. அந்த வால்ஷ் பாதிரியாரே 1927இல், வசையாக வந்த 'போராடும் ஐரிஷ்காரர்' என்ற பெயரைக் கட்சியின் அதிகாரபூர்வமான நாமமாக அங்கீகரித்தார். அவர் வாழ்நாளின் செய்கைகளுள் இதையே நான் உயர்ந்ததாக மதிப்பேன்.

இந்தப் பெயருக்குரியவர்கள் கலாசாலையில் படித்தவர்கள் மட்டுமல்லர். நோட்டர் டேமும் ராணுவக் கலாசாலையும் நியூயார்க்கின் யாங்கி மைதானத்தில் பல ஆண்டுகள் மோதிவந்த காலத்தில், துறைமுகக் கூலிகளும் போலீஸ்காரர்களும் வீட்டு வேலைக்காரிகளும், ஐரிஷ்காரரோடு இத்தாலியரும் போலந்துக்காரரும், ஐந்து சென்ட் கொடுத்துச் சுரங்க ரயிலில் ஏறி ஆட்டத்துக்கு வந்து குவிந்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் எந்தக் கலாசாலையின் வாயிற்படியையும் மிதித்தறியாதவர்கள். இண்டியானா எந்தத் திசையிலுள்ளது என்று அறியாதவர்களும் இருந்திருப்பர். ஆயினும் அக்கட்சி தங்களுடையது என்பதில் அவர்களுக்கு ஐயமே இல்லை. நியூயார்க் ஜனங்கள் அவர்களைச் 'சுரங்க ரயில் பட்டதாரிகள்' என்று அழைத்தார்கள். படிக்கக் கொடுத்துவைக்காதவர்கள் தங்களுக்கென்று ஒரு கலாசாலையைத் தேர்ந்துகொண்டு, அதை இரண்டு தலைமுறை கண்போல் போற்றிய வேறொரு தேசத்தை நான் அறியேன்.

கடற்படைக் கலாசாலையோடு நோட்டர் டேம் ஆடத் தொடங்கியதும் 1927இல்தான். இரண்டாம் உலக யுத்தத்தில் இளைஞர் யாவரும் போர்முனைக்குச் செல்ல, கலாசாலை வெறிச்சோடி நிதிநிலை தள்ளாடியபோது, கடற்படையார் தங்கள் பயிற்சி மாணவர்களை அங்கே அனுப்பி அதைக் காப்பாற்றினார்கள். அந்த நன்றியை நோட்டர் டேமார் மறக்கவில்லை. 1964இலிருந்து 2006 வரை 43 ஆண்டுகள் இடைவிடாமல் கடற்படைக் கட்சி தோற்றுக்கொண்டே இருந்தபோதும், இரு திறத்தாரும் ஆட்டத்தைக் கைவிடவில்லை. ஆகவே அயர்லாந்துக்குப் போவதென்று முடிவான போது, உடன் அழைத்துச் செல்ல இவர்களைவிடப் பொருத்தமான தோழர் வேறு எவர்?

1996ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி டப்ளினில் அந்த ஆட்டம் நடந்த இடம் குரோக் பார்க். அயர்லாந்தின் சுதேச ஆட்டங்களுக்காக 1884இல் பிறந்த கேலிக் விளையாட்டுச் சங்கத்தின் புண்ணிய ஸ்தலம் என்றே அதைச் சொல்லலாம். ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து விடுதலைப் போர் நடந்த 1920ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி, ஆட்டம் பார்க்கக் கூடியிருந்த ஜனங்கள்மீது அரசாங்கப் படையினர் அங்கே சுட்டதில் 14 பேர் மாண்டார்கள். அவர்களுள் ஒருவர் மைக்கேல் ஹோகன் என்ற ஆட்டக்காரர். மைதானத்தின் ஒரு மண்டபம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கு ஓராண்டு முன்புதான் விடுதலைத் தலைவர் ஈமன் டி வலேரா அமெரிக்காவில் ஆதரவு தேடிச் சுற்றுகையில் நோட்டர் டேம் சென்று, மாணவரின் ஆரவாரத்துக்கு நடுவே ஒரு மரக்கன்று நட்டுவந்தார். ஆங்கிலேயரின் கால்பந்தாட்டத்துக்கும் ரக்பிக்கும் 2005 வரை கதவடைத்திருந்த அந்த மைதானம் 1996இல் அமெரிக்கப் பிள்ளைகளுக்குத் திறந்தது. நோட்டர் டேம் 54 புள்ளியும் கடற்படை 27 புள்ளியும் எடுத்தன.

2012 செப்டம்பர் முதல் தேதி டப்ளினின் அவிவா மைதானத்தில் இரு கட்சிகளும் மீண்டும் ஆடின. அமெரிக்காவிலிருந்து அதற்காக ஏறத்தாழ 35,000 பேர் வந்தார்கள். மைதானத்தில் கூடியிருந்தோர் 48,820 பேர். அன்று அபிமானிகளுக்காகத் திருப்பலி நடந்த இடம் டப்ளின் கோட்டை. ஆங்கிலேய ஆட்சியின் பீடமாக 1922 வரை இருந்த கோட்டை முற்றத்தில், அவ்வாட்சியில் பசித்துக் கப்பலேறியவர்களின் சந்ததியார் கூடி நின்று பிரார்த்தித்தார்கள். ஆட்டத்தில் நோட்டர் டேம் 50க்கு 10 என்று வென்றது. ஆனால் அந்தக் காலைப்பொழுதை நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். 2020இல் நடக்கவிருந்த மூன்றாவது ஆட்டத்தைப் பெருந்தொற்று தடுத்துவிட்டது. அந்த ஆண்டு இரு கட்சிகளும் எந்த ஊரிலும் சந்திக்கவில்லை. 1927 முதல் அறுபடாதிருந்த தொடர் அத்துடன் அறுந்தது. 2023 ஆகஸ்ட் 26இல் டப்ளினில் மீண்டும் கூடியபோது, கடல் கடந்து வந்தோர் தொகை 40,000ஐ நெருங்கியது.

இதில் வியாபாரம் கலந்திருப்பதை நான் மறைக்கப் போவதில்லை. டிக்கெட்டையும் ஹோட்டல் அறையையும் சேர்த்து விற்கும் கம்பெனிகளும், சுற்றுலா வருமானத்தைக் கணக்கிடும் அரசாங்கமும் உண்டு. நெப்ராஸ்கா, கன்ஸாஸ் முதலிய வேறு மாகாணங்களின் கட்சிகளும் இப்போது ஆகஸ்ட் மாதத்தில் டப்ளின் வந்து ஆடுகின்றன. ஆயினும் ஆட்டம் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். வந்தவர்கள் அதற்காக மட்டுமே வருகிறார்கள் என்று எவரும் சொல்ல முடியாது. அயர்லாந்தின் தேசிய நூலகம் 2015இல் பழைய கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளை யாவரும் இலவசமாகக் காணும்படி திறந்துவிட்டது. தம் பாட்டனின் பாட்டி எந்தக் கிராமத்தில் பிறந்தாள் என்று வந்தவர்கள் இப்போது தேடிப் பார்க்க முடிகிறது.

டப்ளின் செல்லும் வாய்ப்புப் பெறும் அன்பர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன். அவிவா மைதானத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், லிஃபி நதிக்கரையில், கஸ்டம் ஹவுஸ் துறையருகே, ரோவன் கிலெஸ்பி என்ற சிற்பி வடித்த வெண்கல உருவங்கள் நிற்கின்றன. எலும்பும் தோலுமான ஆணும் பெண்ணும் மூட்டைகளை மார்போடு அணைத்தபடி கப்பல் துறையை நோக்கி நடக்கிறார்கள். ஆட்டத்துக்குப் போகுமுன் அவர்கள் நடுவே சற்று நேரம் நின்று வாருங்கள்.