எது முந்தியது? – ஊராத்துறைச் சாசனங்களும் கால வரன்முறையும்

12 ஆம் நூற்றாண்டிலே ஈழத்தின் வடகரையிற் சிறந்து விளங்கிய துறைமுகங்களுள் ஊராத்துறையும் ஒன்றாகும். இன்று ஊர்காவற்றுறை என வழங்கும் அத்துறையைப் பற்றி இரு தமிழ்ச் சாசனங்கள் குறிப்பிடுகின்றன. அவற்றுள் ஒன்று, கா. இந்திரபாலா 1963 இல் ஆராய்ந்து வெளியிட்ட நயினாதீவுக் கல்வெட்டு. முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) பிறப்பித்த அவ்வாணை, பரதேசிகள் ஊராத்துறையிலே வந்து பாதுகாப்புடன் தங்கவேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் கொணரும் கலங்கள் கெட்டாற் காற்பங்கும், வணிகப் பண்டங் கொணரும் கலங்கள் கெட்டாற் செம்பாதியும் பண்டாரத்துக்குரியன. எஞ்சியவை உடையவனுக்குரியன என அது வகுக்கிறது.

மற்றையது, தமிழகத்துத் திருவாலங்காட்டிலுள்ள, சோழ மன்னன் இரண்டாம் இராசாதிராசனின் 12 ஆம் ஆட்சியாண்டுச் சாசனம். பராக்கிரமபாகு ஊராத்துறை, மாதோட்டம் முதலிய இடங்களிற் படை திரட்டிக் கலங்கள் கட்டுவித்தான் என்றும், அதனை அறிந்த சோழர் தரப்பினர் அவனது மருமகன் சீவல்லவனுக்குப் படையளித்து அனுப்பி, மாதோட்டம் உட்படப் பல இடங்களை அழிப்பித்தனர் என்றும் அது கூறும்.

இவற்றுள் எது முந்தியது? போருக்கு முன்னர் செழித்திருந்த துறை வணிகரை அழைத்ததா, அன்றிப் போரின் பின்னர் வணிகத்தை மீட்கும்பொருட்டு அழைத்ததா? விடைக்கேற்ப ஊராத்துறையின் வரலாறு வேறுபடும். ஆட்சியாண்டுகளைக் கொண்டு இதனைத் தீர்த்தல் அரிது. ஆட்சியாண்டென்பது ஒவ்வோர் அரசவையும் தனக்கென வைத்திருந்த கடிகாரம் போன்றது. இராசாதிராசனின் ஆட்சித் தொடக்கத்தை 1163 எனவும் 1166 எனவும் அறிஞர் இருவகையாகக் கொள்வர். நயினாதீவுக் கல்வெட்டிலோ வாசிக்கக்கூடிய பகுதியில் ஆட்சியாண்டே இல்லை.

இத்தகைய இடர்ப்பாடு கணினித் துறையிலும் உண்டு. ஒரே தரவுத்தளத்தின் பிரதிகளைப் பல கணினிகள் பேணும்போது, ஒவ்வொன்றும் மாற்றங்களைத் தன் கடிகார நேரமிட்டுப் பதிகிறது. கடிகாரங்கள் தம்முள் இசையாவிடின், நேரத்தை மட்டும் நம்பி வரிசைப்படுத்துமிடத்து, பிந்திய மாற்றம் பழையதெனக் கருதப்பட்டு அழிந்துபோதல் கூடும். லெஸ்லி லாம்போட் 1978 இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு வேறொரு வழி காட்டிற்று. ஒரு கணினியினுள் நிகழ்பவை தமக்குள் முன்பின் உடையன. ஒரு செய்தி அனுப்பப்பட்டமை அது பெறப்பட்டமைக்கு முந்தியது. இத்தகைய தொடர்புகளாற் பிணைக்கப்படாத இரு நிகழ்ச்சிகளுக்கு முன்பின் கூறுதல் இயலாது.

இந்நெறி வரலாற்றாய்வுக்கும் பொருந்தும். கலங்கள் கட்டப்பட்டமை, அச்செய்தி சோழரை எட்டியமை, படை சென்றமை, அழிவு நேர்ந்தமை என்னும் வரிசை, ஆண்டுக் கணக்கு எவ்வாறு மாறினும் மாறாது. நயினாதீவு ஆணையோ இத்தொடரின் எந்த நிகழ்ச்சியையும் சுட்டவில்லை. ஆகவே, அதனைப் போருக்கு முன்னோ பின்னோ வைப்பது சான்றின் வழிப்பட்டதாகாது.

அவ்வாணை கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டதென அச்சாசனமே உரைக்கிறது. பிரதிகள் ஆணையின் வாசகத்தைக் காக்கவல்லன. அதன் காலத்தை அறிதற்கு, பிறிதொரு நிகழ்ச்சியோடு அதனைத் தொடர்புறுத்தும் சான்று வேண்டும். அது கிட்டும்வரை இவ்வினாவுக்கு விடை கூறாதிருத்தலே முறையாகும்.