பக்கத்துக்குள் படிவம்: பைத்தான் உள்ளடக்க அமைப்புகள் கடந்து வந்த சிக்கல்

மொசைக் உலாவி 1993இல் படிவங்களைக் காட்டத் தொடங்கியபோது, நிரப்பி அனுப்பியதை வாங்கிக்கொள்வது பக்கத்தின் வேலையாக இல்லை. அதே காலத்தில் வந்த சிஜிஐ முறையில், சர்வரில் தனியே ஒரு நிரல் காத்திருக்கும். படிவம் அதன் முகவரிக்குப் போகும். பழுது வந்தால் தேட வேண்டிய இடங்கள் சிலவே: முகவரி, கோப்பின் இயக்க அனுமதி, நிரல். பைத்தானில் இதற்கென இருந்த சிஜிஐ மாடியூல் 2024இல் வெளியான 3.13 பதிப்பில்தான் நீக்கப்பட்டது.

ஜிம் ஃபுல்டன் 1996இல் எழுதிய போபோ என்ற மென்பொருள், இணைய முகவரியை நேரடியாகப் பைத்தான் பொருளோடு இணைத்தது. அதிலிருந்து வளர்ந்த சோப் 1998இல் திறமூலமானது. அதன்மேல் கட்டப்பட்ட உள்ளடக்க அமைப்பான புளோனின் 1.0 பதிப்பு 2003இல் வந்தது. புளோனுக்கான புளோன்ஃபார்ம்ஜென் என்ற கூடுதல் தொகுப்பில் படிவம் ஒரு கோப்புறை, ஒவ்வொரு புலமும் அதற்குள் ஓர் உருப்படி. நிரல் அறியாத பதிப்பாசிரியரும் படிவம் அமைக்கலாம் என்ற நிலை பைத்தான் உலகில் வேரூன்றியதில் அதற்குப் பெரிய பங்குண்டு.

கேன்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் உருவாகி 2005இல் வெளியான பைத்தான் இணையச் சட்டகமான ஜாங்கோவில், படிவங்களை முதலில் 'மேனிபுலேட்டர்' என்ற வகுப்புகள் கவனித்தன. 2007இல் 'நியூஃபார்ம்ஸ்' வந்தது, 1.0 பதிப்பில் அதுவே நிலைத்தது. தவறாக நிரப்பிய படிவத்தை, தட்டச்சு செய்ததை இழக்காமல் பிழைக்குறிப்போடு அதே பக்கத்தில் திருப்பிக் காட்டுவது அதில் எளிது. ஆனால் ஒரு நிபந்தனை: படிவத்தைக் காட்டும் வியூவே, அதாவது கோரிக்கைக்கு விடை தரும் நிரல்பகுதியே, அதை வாங்கவும் வேண்டும்.

ஜாங்கோமேல் எழுந்த உள்ளடக்க அமைப்புகளில் இந்த நிபந்தனைதான் முறிந்தது. தளத்தின் எல்லாப் பக்கங்களையும் அமைப்பின் பொது வியூ ஒன்றே காட்டுகிறது. நிரலர் எழுதிய படிவம் அதற்குத் தெரியாது. மெசனைன் இதற்குப் 'பேஜ் பிராசசர்' என்ற வழியைத் தந்தது. குறிப்பிட்ட பக்கத்துக்கு ஒரு சார்பைப் பதிவுசெய்தால், அது டெம்ப்ளேட்டுக்குத் தரவு தரலாம், அல்லது வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடலாம். தெளிவான ஏற்பாடு. ஆயினும் அந்தச் சார்பு உரிய பெயருள்ள கோப்பில் இல்லாவிட்டால், அல்லது அந்தச் செயலி நிறுவப்பட்டவற்றின் பட்டியலில் விடுபட்டால், எந்தப் பிழைச்செய்தியும் வராது. பக்கம் வரும், படிவம் வராது. தேடுவதற்கு மிகவும் கடினமான பழுது இந்த வகைதான்.

இன்னோர் உள்ளடக்க அமைப்பான ஜாங்கோ சிஎம்எஸ், படிவத்தைப் பிளக்கினாகப் பக்கத்தில் வைக்கவிட்டது. பிளக்கின் உருப்பெறுவது டெம்ப்ளேட் வரையப்படும்போது. அந்நேரத்தில் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட அதற்கு வழியில்லை. ஆகவே பலர் படிவத்தைத் தனி முகவரிக்கு அனுப்பினர். அங்கே இன்னொரு இழப்பு காத்திருந்தது: நிரப்பியதில் தவறிருந்தால் வந்த பக்கத்தை மறுபடி வரைய அந்தத் தனி வியூவுக்குத் தெரியாது. செஷனில் சேமித்தும், ஜாவாஸ்கிரிப்ட் மூலம் அனுப்பியும் இதைச் சமாளித்தார்கள்.

மற்றொரு சிக்கல் பாதுகாப்பு ஏற்பாட்டிலிருந்து வந்தது. 2010இல் வந்த ஜாங்கோ 1.2, போலிக் கோரிக்கைகளைத் தடுக்கும் டோக்கனை டெம்ப்ளேட் வழியே படிவத்துக்குள் வைக்கும் முறையைக் கொண்டுவந்தது. படிவத்திலுள்ள டோக்கனும் குக்கியிலுள்ளதும் பொருந்தாவிட்டால் 403 பிழை. கேஷில் தங்கிய பக்கம் ஒருவருக்கான டோக்கனை மற்றவருக்குக் கொடுத்துவிடும். நிரலரின் கணினியில் கேஷ் பெரும்பாலும் இயங்காததால், அங்கே ஒழுங்காக இருந்த படிவம் நேரலைத் தளத்தில் மட்டும் விழும். பிளக்கினை கேஷ் செய்யாதே என்று அறிவிக்கும் ஒற்றை வரி இதைத் தீர்க்கிறது.

லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டுக்காக டார்ச்பாக்ஸ் நிறுவனம் எழுதி 2014இல் வெளியிட்ட வாக்டெயில் என்ற உள்ளடக்க அமைப்பில், பக்கம் தன் கோரிக்கைகளைத் தானே கையாள்கிறது. காட்டுவதும் வாங்குவதும் மீண்டும் ஓரிடத்தில் சேர்ந்தன. படிவச் சிக்கலுக்கு வந்த தீர்வுகளில் இதுவே மிகச் சீரானது. ஆனால் சிக்கல் சேமிப்புக்கு இடம்பெயர்ந்தது. புலத்தின் லேபிளை ரோமன் எழுத்துக்கு மாற்றி, அதிலிருந்தே புலத்தின் உட்பெயரை ஒவ்வொரு முறையும் கணக்கிட்டார்கள். தமிழில் எழுதிய லேபிளும் அப்படியே மாறும். பதிப்பாசிரியர் பின்னாளில் லேபிளைத் திருத்தினால் உட்பெயரும் மாறி, பழைய விடைகள் தரவுத்தளத்தில் இருந்தும் பட்டியலில் காலியாகத் தெரியும். 2020இல் வந்த 2.10 பதிப்பு முதல், புலம் உருவாகும்போதே உட்பெயர் தரவுத்தளத்தில் பதிவாகிறது. லேபிள் மாறினாலும் அது மாறுவதில்லை.