சுவாசப்பைப் புற்றுநோயும் பரம்பரையலகுச் சான்றும்

ஒரே நோய்ப் பெயரால் அழைக்கப்படும் இருவர்க்கு ஒரே மருந்து வழங்கப்படுகின்றது. ஒருவரின் கட்டி சுருங்குகின்றது. மற்றவரின் கட்டி தடையின்றி வளர்கின்றது. இவ்வேறுபாட்டின் காரணம் யாது? சுவாசப்பைப் புற்றுநோய்ச் சிகிச்சையின் அண்மைக்கால வரலாறு பெரும்பாலும் இவ்வினாவின் வரலாறே எனலாம்.

இந்நோய்க்கான இரசாயனச் சிகிச்சையில் முதன்மை பெற்ற மருந்து சிஸ்பிளாற்றின் ஆகும். மிச்சிக்கன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மின்புலத்தின் விளைவுகளை ஆராய்ந்த பாணெற் ரோசன்பேக், பற்றீரியாக் கலங்கள் பிரிவடையாது நீண்ட இழைகளாக வளர்வதைக் கண்டு 1965இல் வெளியிட்டார். காரணம் மின்சாரமன்று, மின்வாயிலிருந்து கரைந்த பிளாற்றினத்தின் சேர்வைகளே. சிஸ்பிளாற்றின் 1978இல் ஐக்கிய அமெரிக்காவில் விதைப்பை, சூலகப் புற்றுநோய்களுக்கு அனுமதி பெற்று, பின்னர் சுவாசப்பைப் புற்றுநோய்க்கும் பயன்படலாயிற்று. இது கலத்தின் டீ.என்.ஏ.யோடு பிணைந்து அதன் பிரிவைத் தடுப்பது. நோயுற்ற கலம், நோயற்ற கலம் என்ற பாகுபாட்டை அது நன்கு அறியாது. குமட்டலும் சிறுநீரகப் பாதிப்பும் அதனால் நேர்வன.

பிளாற்றினத்தோடு வெவ்வேறு மருந்துகளைச் சேர்த்தால் கூடிய பயன் கிட்டும் என்ற நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. சிறுகலமல்லாத வகைச் சுவாசப்பைப் புற்றுநோய் முற்றிய 1155 நோயாளரிடம் நான்கு கூட்டுமருந்துகளை ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வொன்று 2002இல் வெளியாகியது. நான்கினுள் எதுவும் ஏனையவற்றை விஞ்சவில்லை. 19 சதவீதத்தினரிடமே கட்டி சுருங்கியது. இடைநிலை ஆயுள் 7.9 மாதங்கள். மருந்துகளை மாற்றி மாற்றிச் சேர்ப்பதன் எல்லை அவ்வாய்வில் தெளிவாகியது.

அதே ஆண்டில் யப்பானிலும், 2003இல் ஐக்கிய அமெரிக்காவிலும் ஜெபிற்றினிப் என்னும் மாத்திரை அனுமதி பெற்றது. கலத்தின் மேற்பரப்பிலுள்ள மேற்றோல் வளர்ச்சிக் காரணி வாங்கியின் செயலைத் தடுப்பது இது. அமெரிக்க நோயாளருள் ஏறக்குறையப் பத்தில் ஒருவர்க்கே பயன் கிட்டியது. ஆயின் அவ்வொருவரின் கட்டி வியக்கத்தக்கவாறு சுருங்கியது. பெண்கள், புகைபிடியாதோர், கிழக்காசியர், சுரப்பிக்கலப் புற்றுடையோர் ஆகியோரிடம் இப்பயன் கூடுதலாகக் காணப்பட்டதென மருத்துவர் குறித்து வைத்தனர். நோயாளரைத் தெரிவு செய்யாது நடத்திய பெரிய ஆய்வுகள் ஏமாற்றத்தையே தந்தன. 2005இல் வெளியான ஆய்வொன்றில், போலி மாத்திரை பெற்றோரைவிட ஜெபிற்றினிப் பெற்றோர் நெடிது வாழ்ந்தனர் எனத் திட்டமாக நிறுவ இயலவில்லை.

விடை கட்டியினுள்ளேயே இருந்தது. 2004இல் பொஸ்ரன் நகரின் இரு ஆய்வுக் குழுவினர் அவ்வாங்கியின் பரம்பரையலகில் விகாரங்களைக் கண்டறிந்தனர். மசாசூசெற்ஸ் பொது மருத்துவமனைக் குழுவினர் ஆராய்ந்தவர்களுள், மாத்திரையாற் பயன்பெற்ற ஒன்பதின்மரில் எண்மரிடம் விகாரம் இருந்தது. பயன்பெறாத எழுவரில் ஒருவரிடமும் இல்லை. விகாரம் எய்திய வாங்கி ஓயாது வளர்ச்சிக் கட்டளையை விடுக்கின்றது. கட்டியும் அதனையே நம்பி வாழ்கின்றது. ஆகவே அதனைத் தடுத்ததும் கட்டி மடிகின்றது.

எனினும் வெளித்தோற்றக் குறிகளை நம்பும் வழக்கம் உடனே நீங்கவில்லை. அதனைச் சோதனைக்குள்ளாக்கியது, ஹொங்கொங், யப்பான், தாய்லாந்து முதலிய கிழக்காசிய, தென்கிழக்காசிய நாடுகளில் 1217 நோயாளரிடம் நடத்தப்பெற்று 2009இல் வெளியான ஆய்வாகும். சுரப்பிக்கலப் புற்றுடையோரும், புகைபிடியாதோர் அல்லது முன்னர்ச் சிறிதளவே புகைத்தோருமே அதிற் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினர்க்கு ஜெபிற்றினிப்பும் மறுபகுதியினர்க்குக் காபோபிளாற்றின், பக்கிளிற்றக்செல் என்னும் இரசாயனச் சிகிச்சையும் வழங்கப்பட்டன. கட்டியின் விகார நிலை அறியப்பட்ட 437 பேருள் 261 பேரிடம் விகாரம் இருந்தது. இவர்களுள் மாத்திரை பெற்றோரில் 71.2 சதவீதத்தினர்க்கும், இரசாயனச் சிகிச்சை பெற்றோரில் 47.3 சதவீதத்தினர்க்கும் கட்டி சுருங்கியது. விகாரமற்றோரிடம் நிலை தலைகீழாயிற்று: இரசாயனச் சிகிச்சையால் 23.5 சதவீதத்தினர் பயன்பெற, மாத்திரையாற் பயன்பெற்றோர் 1.1 சதவீதத்தினரே.

இவ்வெண்களின் பொருள் கடுமையானது. வெளிக்குறிகள் அனைத்தும் பொருந்தியும் பத்தில் நால்வரிடம் விகாரம் இல்லை. தோற்றத்தை மட்டும் நம்பி அந்நால்வர்க்கு மாத்திரையை வழங்கும் மருத்துவர், பயன்தரக்கூடிய சிகிச்சையை அவர்களிடமிருந்து பறித்தவராவார். மற்றொன்றும் நோக்கத்தக்கது. பிளாற்றினச் சிகிச்சைக்கும் விகாரமுடைய கட்டிகளே கூடுதலாக இணங்கின. எனினும் அச்சிகிச்சையைப் பொறுத்தவரை இவ்விகாரம் ‘வழங்கு’, ‘வழங்காதே’ என்று பிரித்துரைக்கும் குறியாக அமையவில்லை.

பிளாற்றினத்துக்கெனத் தனிக்குறி தேடும் முயற்சி பிறிதொரு வழியிற் சென்றது. பிளாற்றினம் விளைக்கும் டீ.என்.ஏ.ச் சிதைவைச் செப்பனிடும் புரதங்களுள் ஈ.ஆர்.சி.சி. 1 ஒன்று. அது குறைந்த கட்டிகள் சிஸ்பிளாற்றினுக்கு இணங்குமென எதிர்பார்ப்பது இயல்பே. சத்திரசிகிச்சைக்குப்பின் அம்மருந்து பெற்றோரின் கட்டிகளை ஆராய்ந்த ஐரோப்பிய ஆய்வாளர் 2006இல் அவ்வாறே அறிவித்தனர். ஆயின் 2013இல் அதே குழுவினரால் அம்முடிவை மீள நிறுவ முடியவில்லை. இப்புரதம் நான்கு வடிவங்களில் உள்ளது. செப்பனிடும் ஆற்றல் ஒரு வடிவத்துக்கே உண்டு. விற்பனையிலிருந்த 16 பிறபொருளெதிரிகளைச் சோதித்தபோது, அவ்வொரு வடிவத்தை ஏனையவற்றினின்று பிரித்துக்காட்ட வல்லது ஒன்றுகூட இருக்கவில்லை.