மன்னார்க் கரையின் மூன்று துறைகள்

ஓர் ஊரை மற்றோர் ஊரினின்று வேறுபடுத்திக் காட்டுவது யாது? அமெரிக்க நாட்டின் பெருநகரங்களைப் பற்றி இவ்வினா அடிக்கடி எழுப்பப்படுவதுண்டு. நேர்கோட்டில் வகுத்த தெருக்கள், வானளாவிய கட்டடங்கள், ஒரே வகைக் கடைகள் ஆகியவற்றால் ஒரு நகரம் மற்றொன்றின் படியாகவே தோன்றும். ஆயினும் நியூ ஓர்லியன்சைக் கண்டு சிக்காகோ என்று மயங்குவார் இலர். கலிபோர்னியாவில் பொன் தேடி வந்தவர்களால் பெருகிய சான் பிரான்சிஸ்கோ, பொன்வேட்டை ஓய்ந்த பின்னும் மாநகராக நிலைத்தது. அதே மாநிலத்தில், 1880ஆம் ஆண்டளவில் ஆயிரக்கணக்கானோர் திரண்டிருந்த போடி என்னும் சுரங்க நகரம் ஆளற்ற வீடுகளாய் எஞ்சிற்று. இரண்டையும் வளர்த்தது பொன்னே. ஒன்று வாழ, மற்றொன்று மாண்டது ஏன்?

இதற்கு விடை தேட அத்துணைத் தூரம் செல்ல வேண்டுவதில்லை. மன்னார்த் தீவிலும் அதன் எதிர்க்கரையிலும் மூன்று துறைகள் மூன்று காலங்களில் எழுந்தன. மூன்றும் தம் வாணிகத்தை இழந்தன. ஆனால் மூன்றின் கதையும் ஒன்றன்று.

முதலாவது மாதோட்டம். மாந்தை என்றும், பாளி நூல்களில் மகாதித்த என்றும் வழங்கிய இப்பட்டினம் தீவுக்கு எதிரே பெருநிலத்தில் இருந்தது. 1980 முதல் 1984 வரை நடந்த அகழ்வாய்வில் சீனத்து மட்கலங்களும் மேற்காசிய நாடுகளின் மட்கலங்களும் கிடைத்தன. பிற்கால ஆய்வுகளில் மிளகும் கிராம்பும் வெளிப்பட்டன. கீழ்க்கடலும் மேல்கடலும் சந்தித்த சந்தை அது. சோழர் ஆட்சியில் இவ்வூருக்கு இராசராசபுரம் என்னும் புதுப்பெயர் சூட்டப்பட்டதைக் கல்வெட்டுக் கூறுகிறது. பேரரசன் பெயர்தான், ஆயினும் மக்கள் நாவில் அது தங்கவில்லை. மாதோட்டம் என்ற பழம்பெயரே தங்கியது.

11ஆம் நூற்றாண்டுக்குப் பின் துறை தளர்ந்தது, பட்டினம் மண்மேடாயிற்று. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தைப் போர்த்துக்கேயர் இடித்தனர். அதன் கற்கள் மன்னார்க் கோட்டைக்குப் போயின என்பர். எனினும் கோயில் இருந்த இடத்தை மக்கள் மறக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் அதனைப் புதுப்பிக்குமாறு வேண்டினார். பின்வந்தோர் நிலத்தை மீட்டு, பாலாவிக் கரையில் கோயிலை மீண்டும் எழுப்பினர். அதே மாந்தையில் கத்தோலிக்கர் வணங்கிய மாதா திருச்சொரூபம், ஒல்லாந்தர் காலத்து நெருக்கடியில் மடுக்காட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டது. மருதமடுத் திருப்பதி அவ்வாறு பிறந்தது. கப்பலும் கடைவீதியும் போன பின்னரும் இரு சமயத்தார் நெஞ்சில் அவ்வூர் வாழ்ந்தது.

இரண்டாவது, முத்துச் சலாப நகரம். மன்னாருக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி என்னும் கரையூர்களை அடுத்துள்ள கடலில் முத்துப் பார்கள் உள்ளன. குளிப்புக் காலம் வந்ததும் வெறும் மணற்கரையில் ஒரு நகரமே முளைக்கும். சம்மாட்டிகள், குளிகாரர், முத்து வணிகர், சுறாவின் வாயைக் கட்டுவோராகக் கருதப்பட்ட கடற்கட்டிகள் எனப் பல்லாயிரவர் கூடுவர். நீதிமன்றமும் வைத்தியசாலையும் சிறைச்சாலையுங்கூட அங்கே அமைந்தன. எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்கு. ஒரு பங்கு குளித்தோர்க்கு. 1905ஆம் ஆண்டுச் சலாபம் அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா ஈட்டியது. பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வூல்ஃப், மறு ஆண்டில் அங்கு அரசாங்க உத்தியோகத்தராகப் பணியாற்றினார்.

சில வாரங்களில் எல்லாம் கலையும். ஓலைக் கொட்டில்கள் பிரிக்கப்படும். சிப்பி ஓடுகளே மிஞ்சும். 1907க்குப் பின் சிப்பி அருகிற்று. பெருஞ் சலாபங்கள் முடிந்தன. கரையூர்கள் நின்றன, அந்த நகரமோ மீளவில்லை. வந்தவர் எவரும் அங்கே பிள்ளை பெற்று வளர்க்கவில்லை; முன்னோரைப் புதைத்து அழவில்லை. அதனை இழந்ததாக எவரும் ஏங்கியதுமில்லை.

மூன்றாவது தலைமன்னார் இறங்குதுறை. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. தமிழ்நாட்டுப் புகையிரதமும் இலங்கைப் புகையிரதமும் இக்கப்பலால் இணைந்தன. ஆண்டாண்டாகத் தோட்டத் தொழிலாளர் இவ்வழியே வந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்ட குடும்பங்கள், பிறந்த மண்ணைக் கடைசியாகக் கண்டதும் இத்துறையிலேதான். அவ்வாண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் போரினால் நின்றது. 1990இல் புகையிரதமும் நின்றது. 2015இல் புகையிரதம் திரும்பியது. கப்பல் அதனுடன் திரும்பவில்லை.

மரிச்சுக்கட்டிச் சலாபத்தைப் போலவே தலைமன்னார்த் துறையும் கடந்து செல்வோரின் இடம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சலாபத்துக்கு வந்தவர் வரவுசெலவு பார்த்துச் சென்றனர். இத்துறையைக் கடந்தவர் தம் வாழ்வையே இரண்டாகப் பிரித்துச் சென்றனர். ஆகவே, மலையகத்திலும் தமிழ்நாட்டிலும் அக்குடும்பங்களின் கதைகளில் தலைமன்னார் இடம்பெற்றுவிட்டது.

கட்டடங்கள் மட்டும் ஓர் ஊரை ஊராக்கா. மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1560இல் கட்டினர். 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1795இல் ஆங்கிலேயர் பெற்றனர். மூவரும் போயினர். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம் ஆபிரிக்க இனத்தது. அராபிய வணிகர் கொணர்ந்தது என்பர். வந்த மரம் வேரூன்றி மன்னாரின் அடையாளமாயிற்று. ஆண்ட கோட்டை தனித்து நிற்கிறது.

இவ்வுண்மையைக் கொடிய முறையில் உணர்த்தியது 1990 ஒக்டோபர் மாதம். விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி போன்ற ஊர்கள் வெறுமையாயின. வீடுகளும் பள்ளிவாசலும் அங்கே இருந்தன. ஊர் மட்டும் புத்தளத்து அகதிக் கொட்டில்களுக்குப் பெயர்ந்துவிட்டது. அங்கும் அவர்கள் தம்மை எருக்கலம்பிட்டியார் என்றே சொல்லிக்கொண்டனர். போர் ஓய்ந்தபின் பலர் திரும்பி வந்தது அப்பெயரைத் தேடித்தான்.

முத்தும் பொன்னும் கப்பலும் மக்களைக் கூட்டும். கூடியவர் குடியாகி, அவ்விடத்தைத் தமதென்று எண்ணி, அது இடிந்த போதும் திரும்பிவர விழையும்போதே தனித்தன்மை தோன்றுகிறது. ஓர் ஊரின் பெருமையை அளக்க விரும்புவோர் அதன் மாடங்களை எண்ணுதல் வேண்டா. அதனை விட்டுப் பிரிந்தவர் எத்தனை தலைமுறை அதன் பெயரைச் சொல்கின்றனர் என்று கேட்டல் போதும்.